திருமணத்தை டிஜிட்டல் கேமராவில் நன்றாகப் படம் எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நல்ல கேமரா ஒன்று கையில் இருந்தால், என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்துவிடும்: "எங்க கல்யாணத்துக்கு நீ போட்டோ எடுக்கிறியா?" சரி என்று சொல்லிவிட்ட பிறகுதான் பயம் பிடிக்கும். அந்தப் பயம் நியாயமானதுதான். மலையோ பூவோ சரியாக வரவில்லை என்றால் மறுநாள் போய் எடுத்துக்கொள்ளலாம். மணமக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அந்தப் பார்வை ஒரு தடவைதான் நடக்கும். மறுபடி செய்து காட்டச் சொன்னால் நடிப்புதான் படத்தில் விழும்.

அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் சொல்வது இதைத்தான்: கேமரா சம்பந்தப்பட்ட முடிவுகளில் எத்தனை முடியுமோ அத்தனையையும் திருமண நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அன்றைக்கு உங்கள் கண் பட்டன்களைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

முதல் படி: பேசுங்கள், இடத்தைப் போய்ப் பாருங்கள்

மணமக்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை மணிக்கு என்ன நடக்கும், எது தள்ளிப்போகலாம், எது சரியான நேரத்தில் நடந்தே தீரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கட்டாயம் படத்தில் இருக்க வேண்டியவர்கள் யார் யார்? உடம்பு முடியாமல் சீக்கிரம் கிளம்பிவிடக்கூடிய பெரியவர்கள் யாராவது உண்டா? சடங்கின்போது ஃப்ளாஷ் அடிக்கலாமா, எதுவரை நெருங்கிப் போகலாம் என்பதைச் சடங்கை நடத்துபவரிடமே நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள். குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளாதவர்கள், பிரிந்து வாழ்பவர்கள், சமீபத்தில் யாரையாவது இழந்தவர்கள் இருக்கிறார்களா? தெரியாமல் "அப்பா அம்மா ரெண்டு பேரும் பக்கத்துல வாங்க" என்று சொல்லி, அந்த இரண்டு பேரையும் எல்லோர் முன்னாலும் சங்கடப்படுத்திவிடக் கூடாது. அந்த வருத்தம் அவர்கள் முகத்தில் தெரியும், முகத்தில் தெரிவது படத்திலும் தெரியும்.

காசு கொடுத்து அமர்த்திய போட்டோகிராஃபர் ஒருவர் இருந்து, நீங்கள் விருந்தினராக மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், அவருடைய பார்வைக்குக் குறுக்கே போகாதீர்கள். அவர் மணமக்களை எடுக்கும்போது நீங்கள் கூட்டத்தை எடுங்கள். ஆல்பத்தில் விட்டுப்போகும் படங்கள் பெரும்பாலும் கூட்டத்தில்தான் இருக்கின்றன.

பிறகு இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். திருமணம் எந்த நேரத்தில் நடக்கிறதோ அதே நேரத்தில் போனால்தான் பயன். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, அந்த நேரத்துக்கு வெயில் எங்கே விழுகிறது, கூரை எவ்வளவு உயரம், என்ன நிறம், விளக்குகள் மஞ்சளா வெள்ளையா, மழை வந்தால் குழுப் படத்துக்கு எங்கே போவது என்றெல்லாம் பாருங்கள். கூடவே ஒருவரை மணமக்கள் நிற்கப்போகும் இடத்தில் நிறுத்தி, பத்துப் பதினைந்து படம் எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு வேண்டிய அமைப்புகளில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

லென்ஸ் பேச்சு ஆரம்பித்தால் முடியாது, சுருக்கமாகவே சொல்கிறேன். தொழிலாக எடுப்பவர்கள் பெரும்பாலும் 24-70 மி.மீ., 70-200 மி.மீ. என்ற இரண்டு எஃப் 2.8 ஜூம்களை (மி.மீ. எண் கூடினால் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும்; எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் அதிகம் வரும்) வைத்து நாள் முழுக்கச் சமாளிப்பார்கள். அவை விலை அதிகம், கனமும் அதிகம். 35 மி.மீ. ஒன்று, 85 மி.மீ. ஒன்று என்று எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் ஆகாத லென்ஸ்) இரண்டு இருந்தால் முழுத் திருமணத்தையும் எடுத்துவிடலாம். உங்கள் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேமை விடச் சிறியது) என்றால் 35 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 50 மி.மீ. போலவும், 50 மி.மீ. லென்ஸ் 75 அல்லது 80 மி.மீ. போலவும் காட்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கிறதா? ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை இரவல் வாங்குங்கள். மங்கிய வெளிச்சத்தில் அது ஒன்றே பெரிய வித்தியாசத்தைக் காட்டும்.

லென்ஸை விட நான் பிடிவாதம் பிடிப்பது இரண்டாவது கேமராவுக்காக. பழைய மாடலாக இருந்தாலும் பரவாயில்லை, வாடகைக்கோ இரவலுக்கோ ஒன்று பையில் இருக்கட்டும். எந்தக் கேமராவும் சொல்லிவிட்டுக் கெட்டுப்போவதில்லை. இரண்டையும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இரண்டின் கடிகாரத்தையும் நிமிடம் பிசகாமல் ஒன்றாக வையுங்கள். இல்லையென்றால் பின்னால் கணினியில் நேர வரிசைப்படி அடுக்கும்போது, சடங்கு முடிந்த பிறகு மணமகள் உள்ளே நடந்து வருவார்.

பேட்டரியைப் பொறுத்தவரை, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் திரையோ வ்யூஃபைண்டரோ எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் பழைய எஸ்எல்ஆர் வகையை விடச் சீக்கிரம் தீர்ந்துபோகும். குறைந்தது மூன்று பேட்டரி வேண்டும். ஃப்ளாஷுக்குச் சாதாரண ஆல்கலைன் செல்லை விட, திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நல்லது. ஒரு ஃப்ளாஷுக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருக்கும் நேரம் குறையும்.

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) சுமார் 25 முதல் 30 எம்பி வரும். அப்படியானால் 64 ஜிபி கார்டில் ஏறத்தாழ 2,000 படம் நிற்கும். கேமராவில் இரண்டு கார்டு போட இடம் இருந்தால், ஒரே படம் இரண்டிலும் பதிவாகும்படி வையுங்கள். ஒன்று நிறைந்த பிறகு அடுத்தது என்று வைத்தால் இரண்டு கார்டு இருந்தும் பாதுகாப்பு இல்லை. எல்லாக் கார்டையும் முன்னிரவே கேமராவிலேயே ஃபார்மட் செய்துவிடுங்கள். பழைய படங்களை நகல் எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான், மறக்காதீர்கள்.

மூன்றாம் படி: முன்னிரவே அமைப்புகளை முடிவு செய்யுங்கள்

ரா கோப்பாக எடுங்கள். இடம் இருந்தால் ராவும் ஜேபெக்கும் சேர்த்து. வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் நாளில் நிறத்தையும் வெளிச்சத்தையும் பின்னால் திருத்த ரா கோப்பு தரும் இடம் ஜேபெக்கில் கிடைக்காது.

ஷட்டர் வேகத்தை, அதாவது சென்சாரில் வெளிச்சம் விழும் நேரத்தை, முதலில் முடிவு செய்யுங்கள், மற்றவை அதற்குப் பின்னால் வரட்டும். நின்று பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு 1/125 வினாடி போதும். நடந்து வருபவர்களுக்கு 1/250. பூ தூவுவது, குழந்தைகள் ஓடுவது, ஆடுவது எல்லாவற்றுக்கும் 1/500. லென்ஸில் அதிர்வு தடுப்பு இருக்கிறது என்று 1/15-க்கு இறங்காதீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், எதிரே அசைகிறவரை அது ஒன்றும் செய்யாது.

ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கடந்த பத்தாண்டுகளில் வந்த கேமராக்களில் 3200, 6400 எல்லாம் தாராளமாகப் பயன்படுத்தக்கூடியவை. படத்தில் கொஞ்சம் துகள் தெரிந்தால் மணமக்கள் கவனிக்கவே மாட்டார்கள், முகம் கலங்கியிருந்தால் கட்டாயம் கவனிப்பார்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவில் உச்ச வரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/160 என்று வைத்துவிட்டு, அபர்ச்சரை (எஃப் எண்ணை) மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொண்டால் நாளின் பெரும்பகுதி ஓடிவிடும்.

அபர்ச்சரில்தான் பலரும் ஆசைப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். எஃப் 1.8 லென்ஸ் வாங்கியாயிற்று என்பதற்காக எல்லாவற்றையும் எஃப் 1.8-இல் எடுக்கக் கூடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், எதிரே இருப்பவர் 2 மீட்டர் தொலைவில். எஃப் 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. மணமகள் கண்ணில் ஃபோகஸ் வைத்தால், அரை அடி பின்னால் நிற்கும் மணமகன் முகம் மங்கிப்போகும். அதே இடத்தில் எஃப் 4 வைத்தால் ஆழம் 13 செ.மீ. வரை வரும். தனி முகத்துக்கு எஃப் 2, இருவருக்கு எஃப் 2.8 முதல் 4, இரண்டு வரிசைக் குழுவுக்கு எஃப் 5.6, மூன்று வரிசைக்கு எஃப் 8 என்று மனதில் பதித்துக்கொண்டால் அங்கே போய் யோசிக்க வேண்டியதில்லை.

கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைத்து, அருகில் இருக்கும் கண்ணில் நிறுத்துங்கள். கேமராவே புள்ளியைத் தேர்ந்தெடுக்கும்படி விட்டால் அது முன்னால் இருக்கும் பூங்கொத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நான்காம் படி: வெளிச்சத்தோடு பழகுவது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

உடையின் நிறம் கேமராவை ஏமாற்றும். கேமராவின் மீட்டர், எதிரே இருப்பதைச் சராசரிச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கிறது. படச்சட்டத்தை நிறைத்துக்கொண்டு வெள்ளை உடை இருந்தால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் கறுத்துப்போகும். அப்போது எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (மீட்டர் சொன்ன வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) கூட்டலில் 0.7 முதல் 1 வரை தள்ளுங்கள். சட்டம் முழுக்கக் கறுப்பு உடை என்றால் கழித்தலில் அதே அளவு. அதே சமயம் வெள்ளைத் துணியின் மடிப்புகள் வெளுத்து மறைந்துவிடாமல் பார்க்க வேண்டும். நிழலில் கறுத்துப்போனதை ரா கோப்பில் ஓரளவு மீட்கலாம், வெளுத்தே போனதை மீட்க முடியாது. அதிகம் வெளுத்த இடம் திரையில் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கை பெரும்பாலான கேமராக்களில் இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். மண்டபத்துக்குள் வெளிச்சம் மாறாமல் இருக்கும் என்றால் எல்லா அமைப்பையும் நீங்களே வைக்கும் மேனுவலுக்குப் போய், முகத்தைப் பார்த்து ஒருமுறை சரி செய்துவிடுங்கள். அதன் பிறகு யார் எந்த நிற உடையில் வந்து நின்றாலும் முகம் சரியாகவே வரும்.

அப்புறம் விளக்குகளின் துடிப்பு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பல எல்இடி, டியூப் விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கின்றன. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் வினாடிக்கு 100 தடவை, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 120 தடவை. அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வந்தாலோ, படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழுந்தாலோ காரணம் இதுதான். 50 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/100 அல்லது 1/50, 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/125 அல்லது 1/60 வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஃப்ளிக்கர் தடுக்கும் வசதி மெனுவில் இருந்தால் அதையும் போடுங்கள்.

சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டர் அமைதியான சடங்கின்போது ஆசை காட்டும். பெரும்பாலான கேமராக்களில் அந்த ஷட்டர் படத்தை வரிசை வரிசையாக மேலிருந்து கீழே படிக்கிறது. துடிக்கும் விளக்கின் கீழே அது பட்டைகளை இன்னும் மோசமாகக் காட்டும். இடத்தைப் பார்க்கப் போகும் அன்றைக்கே சோதித்துப் பாருங்கள். பட்டை விழுந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கே போய்விடுங்கள், சின்ன கிளிக் சத்தத்தை மக்கள் மன்னிப்பார்கள்.

நிறத்தைப் பற்றி. பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் அலகு), பழைய மஞ்சள் குண்டு பல்பு 2700 முதல் 3000 கெல்வின். ஒரு பக்கம் ஜன்னல், இன்னொரு பக்கம் மஞ்சள் விளக்கு என்றால் பாதி முகம் நீலமாகவும் பாதி ஆரஞ்சாகவும் வரும். இதைக் கணினியில் திருத்துவது பெரிய தலைவலி. மணமகள் அலங்கரித்துக்கொள்ளும் அறையில் முடிந்தால் மஞ்சள் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். ஒரு ஸ்விட்சைத் தட்டினால் தீரக்கூடிய பிரச்சினைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருத்த வேண்டாம்.

ஃப்ளாஷ் விஷயத்துக்கு வருவோம். கேமராவின் தலையிலேயே இருக்கும் சின்ன ஃப்ளாஷை நேராக முகத்தில் அடித்தால் நெற்றி மின்னும், பின்னால் இருப்பதெல்லாம் இருட்டில் மூழ்கும். மேலே மாட்டும் தனி ஃப்ளாஷ் ஒன்று வாங்கி, அதன் தலையைக் கூரைக்கோ பக்கச் சுவருக்கோ திருப்பி அடியுங்கள். வெளிச்சம் அங்கே பட்டுப் பரவி, பெரிய ஜன்னலிலிருந்து வருவது போல மென்மையாக இறங்கும். நேர் மேலே திருப்பினால் கண்களுக்குக் கீழே குழி விழும், ஆகவே கொஞ்சம் பின்னாலோ பக்கவாட்டிலோ சாய்த்துத் திருப்புங்கள். கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சைக் கூரை என்றால் முகமும் பச்சையாகும். கூரை மிக உயரமாக இருந்தால் இந்த முறை எடுபடாது, ஏனென்றால் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பக்கத்தில் உள்ள வெள்ளைச் சுவரைத் தேடுங்கள்.

பின்னணி இருண்டுபோகாமல் இருக்க மேனுவலில் 1/80, எஃப் 4, ஐஎஸ்ஓ 1600 என்பது போல வைத்து, ஃப்ளாஷை, அதன் அளவைக் கேமராவே முடிவு செய்யும் டிடிஎல் தானியங்கியில் விடுங்கள். மண்டபத்தின் சொந்த வெளிச்சமும் படத்தில் வரும், முகமும் தெளிவாக இருக்கும். சாதாரணமாக ஃப்ளாஷ் 1/200 அல்லது 1/250 வரைதான் ஷட்டரோடு ஒத்துப்போகும். அதற்கு மேலே போனால் படத்தின் ஒரு பகுதி கறுப்பாகும், ஹை ஸ்பீடு சிங்க் வசதி இருந்தால் மட்டும் மேலே போகலாம்.

ஐந்தாம் படி: அன்றைய நாள்

அலங்காரம் நடக்கும்போதே போய்விடுங்கள். உடை, மோதிரம், பூ, அழைப்பிதழ் இவற்றையெல்லாம் ஆட்கள் கூடுவதற்குள் ஜன்னல் ஓரத்தில் வைத்து எடுத்து முடியுங்கள். மோதிரத்தை மிக அருகிலிருந்து எடுக்கும்போது எஃப் 8-க்குக் குறைய வேண்டாம், அருகில் போகப் போகத் தெளிவின் ஆழம் சுருங்கும். அறையின் ஒரு மூலையைச் சுத்தமாக ஒதுக்கி, பைகளையும் பாட்டில்களையும் அங்கிருந்து நகர்த்துங்கள். இந்த இரண்டு நிமிட வேலையைப் பலர் செய்வதில்லை.

அதோடு, மகள் தயாராகி நிற்பதை அப்பா முதன்முதலாகப் பார்க்கும் நொடி இருக்கிறதே, அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு சரியான இடத்தில் நில்லுங்கள். மகளுக்குப் பின்னால் நின்று, அப்பாவின் முகம் தெரியும்படி. கதவு திறப்பதற்கு முன்பே ஃபோகஸும் வெளிச்சமும் தயாராக இருக்கட்டும்.

நடந்து வரும் காட்சிக்குத் தொடர் ஃபோகஸ், 1/250, சின்னச் சின்னப் பர்ஸ்ட் (அடுத்தடுத்துச் சில படங்கள்). வரும் வழியில் எங்கே வெளிச்சம் விழுகிறது என்று முன்பே பார்த்து வைத்து, அவர்கள் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்துங்கள்.

சடங்கின் முக்கியமான நொடிக்கு இரண்டு முகமும் தெரியும் கோணம் வேண்டும். நேர் எதிரே நின்றால் நடத்துபவரின் முதுகோ கையோ மறைக்கும். பக்கவாட்டில் சுமார் 45 டிகிரியில் நின்றால் பெரும்பாலும் இருவர் முகமும் கிடைக்கும். வீடியோ எடுப்பவர் இருந்தால் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் பேசி யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முதலில் மொத்த இடமும் தெரியும் அகலமான படம் ஒன்று, பிறகு இடுப்பு வரை, பிறகு முகமும் கையும். அந்த நொடி நடக்கும்போது எடுத்ததைத் திரையில் பார்க்காதீர்கள். பார்க்கக் குனியும் அந்த இரண்டு வினாடியில்தான் மணமகள் கண் கலங்கிச் சிரித்திருப்பார்.

நொடி நடந்து முடிந்ததும் எல்லாக் கேமராவும் மணமக்கள் பக்கமே இருக்கும். நீங்கள் சட்டென்று திரும்பி முன்வரிசையைப் பாருங்கள். அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார், தம்பி அழுகையை மறைக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான், பாட்டி எதுவும் சரியாகக் கேட்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார். மணமக்கள் அன்றைக்கு இதில் எதையும் பார்க்கவில்லை. உங்கள் படத்தில்தான் முதன்முறையாகப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் திருமணப் படங்களில் விலைமதிப்பே இல்லாதவை இவைதான்.

ஆறாம் படி: குழுப் படங்கள்

எல்லோரும் அலுத்துக்கொள்ளும் பகுதி இது, ஆனால் பல ஆண்டுகள் சுவரில் தொங்கப்போவதும் இதுதான். ஒழுங்காகத் திட்டமிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

எந்தெந்தக் கூட்டணியில் எடுக்க வேண்டும் என்ற பட்டியலை மணமக்களிடம் முன்பே வாங்குங்கள். ஒரு கூட்டணிக்கு மூன்று நிமிடம் என்று கணக்குப் போட்டால் பத்துக்கு அரை மணி நேரம். பட்டியல் முப்பதுக்குப் போனால் அவர்களிடமே கணக்கைச் சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள். இரு குடும்பத்திலிருந்தும் எல்லோரையும் பெயர் தெரிந்த, குரல் உயர்ந்த ஒருவரை ஆள் கூப்பிடும் வேலைக்குப் போடுங்கள். 1981-இல் இளவரசர் சார்லஸ், டயானா திருமணத்தைப் படம் எடுத்த லிச்ஃபீல்டு, கூட்டத்தின் கவனத்தைத் திருப்ப விசிலையே பயன்படுத்தினார். அரச குடும்பத்துக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

பெரிய குழுவை முதலில் எடுங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் அதில் இருப்பார்கள், எடுத்ததும் அவர்களை உட்காரவோ விளையாடவோ அனுப்பிவிடலாம். பிறகு ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் மணமக்கள் இருவரோடு நிறுத்துங்கள்.

உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள், கண் இடுங்கும், கண்ணுக்குக் கீழே கரு நிழல் விழும். கட்டடத்தின் நிழல், மரத்தடியில் வெயில் புள்ளிகள் விழாத அடர்ந்த நிழல், இவைதான் நல்ல இடம். வேறு வழியே இல்லை என்றால் வெயில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிறுத்தி, முகத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸ் வேண்டாம், ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் உடம்பும் பக்கவாட்டில் இழுத்ததுபோல் அகன்று தெரியும். இடம் இருந்தால் பின்னால் போய் 50 மி.மீ.யில் எடுங்கள். நீங்கள் படிக்கட்டிலோ உறுதியான நாற்காலியிலோ ஏறி நின்றால் பின்வரிசை முகங்கள் மறையாது. "உங்களுக்கு என் கேமரா தெரியுதா? தெரியலன்னா நீங்க படத்துல இல்ல" என்று ஒருதரம் சொன்னால் போதும், அவர்களே நகர்ந்துகொள்வார்கள். இரண்டு வரிசை என்றால் முன்வரிசைக் கண்ணில் ஃபோகஸ், மூன்று என்றால் நடுவரிசையில். வரிசைகளை முடிந்தவரை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டவர்களுக்குப் பிரதிபலிப்பு விழுந்தால் முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னால் சரியாகும்.

எத்தனை படம் எடுத்தால் யாரும் கண்ணை மூடாத படம் ஒன்று கிடைக்கும்? இதற்கு விஞ்ஞானிகள் கணக்கே போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு அமைப்பைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் இதற்காக 2006-இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு பெற்றார்கள். இருபது பேருக்குக் குறைந்த குழு என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், மோசமான வெளிச்சத்தில் இரண்டால். பன்னிரண்டு பேர் நிற்கிறார்களா? வெளியே நான்கு படம், மங்கிய மண்டபத்துக்குள் ஆறு படம். அதற்கும் பெரிய குழு என்றால் தாராளமாக அழுத்திக்கொண்டே இருங்கள். "முடிஞ்சுது, நன்றி" என்று சொன்ன பிறகும் ஒரு படம் எடுங்கள். இறுக்கம் தளர்ந்து சிரிப்பது அப்போதுதான்.

ஏழாம் படி: மணமக்கள் இருவர் மட்டும்

சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். வெயில் தாழ்ந்து, மென்மையாக, பொன்னிறமாக இருக்கும். நின்று சிரிக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் விறைத்துப்போவார்கள். ஏதாவது செய்யச் சொல்லுங்கள். உங்களை நோக்கி மெதுவாகப் பேசிக்கொண்டே நடந்து வரட்டும், ஒருவர் மற்றவர் காதில் ஏதாவது சொல்லட்டும். நீங்கள் 85 மி.மீ. லென்ஸோடு தள்ளி நின்றுகொண்டு எடுங்கள், தூரம் இருந்தால் அவர்களுக்கு உங்கள் ஞாபகம் குறையும். அழுத்துவதற்கு முன் பின்னணியை ஒரு தரம் பாருங்கள். தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருந்தால் நீங்கள் ஓர் அடி நகர்ந்தாலே மறைந்துவிடும்.

எட்டாம் படி: விருந்தும் ஆட்டமும்

இருட்டும் வண்ண விளக்குகளும் சேரும் நேரம். ஆடுபவர்களைப் படம் எடுக்க ஷட்டரை 1/30 வரை இறக்கி, ஃப்ளாஷை ரியர் கர்ட்டன் சிங்கில் வையுங்கள். விளக்குகள் கோடாக இழுபட்டு, கடைசியில் ஃப்ளாஷ் அடித்து முகம் தெளிவாக உறையும். சிவப்பு, நீல எல்இடி வெளிச்சம் மட்டும் முகத்தில் விழும்போது தோலின் விவரமெல்லாம் அழிந்து ஒரே நிறத் திட்டாக வரும். ஃப்ளாஷ் போட்டு எடுங்கள், அல்லது பின்னால் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளலாம். லேசர் விளக்கு போட்டிருந்தால் கவனம். அதன் கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சாரே கெட்டுப்போகலாம். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

ஒன்பதாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

எவ்வளவு அசதியாக இருந்தாலும் அன்றிரவே எல்லாக் கார்டையும் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகல் எடுத்துவிட்டுத் தூங்குங்கள். மூன்று நகல், இரண்டு வகையான சேமிப்பு, அதில் ஒன்று வேறொரு இடத்தில் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் விதி. மூன்றாவது நகலை இணையச் சேமிப்பிலோ நம்பிக்கையான ஒருவர் வீட்டிலோ வைக்கலாம். நகல் எடுத்த பிறகு சில கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். கேமராவில் இருக்கும்போதே "இது வேண்டாம்" என்று எதையும் அழிக்க வேண்டாம். சின்னத் திரையில் சுமாராகத் தெரிவது பெரிய திரையில் அருமையாக இருக்கலாம்.

தேர்வு செய்யும்போது இரக்கம் காட்டாதீர்கள். ஒரே காட்சியில் எட்டுப் படம் இருந்தால் ஒன்றை, மிஞ்சினால் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. தொழில்நுட்பத்தில் கொஞ்சம் குறை இருந்தாலும், அந்தப் பெரியவர் மனம்விட்டுச் சிரிக்கும் ஒரே படம் அதுதான் என்றால் வையுங்கள்.

ஒவ்வொரு வெளிச்சத்திலும் எடுத்த ஒரு படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் முதலில் திருத்தி, அதையே அந்தத் தொகுதி முழுவதுக்கும் போட்டுவிட்டு, பிறகு தனித்தனியாகச் சின்னத் திருத்தம் செய்யுங்கள். தோலின் நிறத்தை வெளுப்பாக்காதீர்கள், அது அவர்களுடைய நிறம். நேற்று வந்த பருவை எடுக்கலாம். மச்சத்தையும் தழும்பையும் பாட்டியின் சுருக்கங்களையும் அவர்கள் கேட்காமல் தொடக் கூடாது.

பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்குப் போடுங்கள். 8-க்கு 12 அங்குலப் படத்துக்கு 2400-க்கு 3600 பிக்சல், அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. 24 மெகாபிக்சல் கேமராவில் தாராளமாக வெட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. திரையில் பார்க்கவும் பகிரவும், பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள், இல்லையென்றால் சில திரைகளில் நிறம் செத்துத் தெரியும்.

முதல் வாரத்திலேயே இருபது முப்பது நல்ல படங்களை அனுப்பிவிடுங்கள். மணமக்கள் ஆவலோடு காத்திருப்பார்கள், மீதியைப் பொறுமையாகத் தரலாம். விருந்தினர் படங்களை நீங்கள் எங்காவது வெளியிடுவதாக இருந்தால் அதற்கு முன் மணமக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தப் படங்களும் அவர்கள் கைக்குப் போய், அவர்களும் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டோம் என்று சொல்லும்வரை, அந்த மெமரி கார்டுகளை ஃபார்மட் செய்யாமல் தனியே எடுத்து வையுங்கள்.